மய்யோர், மேஜர், மைனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீன் பக்கமே போகாதவர்கூட தினமும் லத்தீன் ஒப்புச் சொற்களைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மேஜர் ஆபரேஷன், மைனர் பெண், சீனியர் வக்கீல், ஜூனியர் இன்ஜினியர் எல்லாம் ஒரே குடும்பம். செமினரி மாணவர்களுக்கும், உடற்கூறியல் பெயர்களைப் பார்த்து மிரளும் மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்கும் நான் அடிப்படை லத்தீன் சொல்லித் தருகிறேன். வகுப்பு மாறுகிறது, சந்தேகம் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் 'மய்யோர்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், அதனால் மேலிருந்து படிப்பது நல்லது.

"மேஜர்"னா "பெரிய"ன்னுதானே அர்த்தம்? இதில் என்ன குழப்பம்?

'பெரிய' என்பதற்கு லத்தீனில் 'மாக்னுஸ்' என்று வேறு சொல் இருக்கிறது. 'மய்யோர்' என்றால் 'இன்னொன்றைவிடப் பெரிய'. எல்லாவற்றையும்விடப் பெரியது 'மாக்ஸிமுஸ்'. சிறிய பக்கம் இதே மாதிரி 'பார்வுஸ்', 'மினோர்', 'மினிமுஸ்'. மேஜரும் மைனரும் நடுப்படியில் நிற்பவை.

ஆகவே மய்யோரைக் கண்டால் உடனே 'எதைவிட?' என்று கேட்க வேண்டும். பதில் சில இடங்களில் அதே வாக்கியத்தில் இருக்கும். சில இடங்களில் ஜோடியாக ஒரு மினோர் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லாமலே விட்டிருப்பார்கள். கீழே வரும் குழப்பங்களில் பாதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

மேஜரா, மாயோரா, மய்யோரா? எப்படி உச்சரிப்பது?

பழைய ரோமர்கள் 'மய்யோர்' என்றார்கள். அவர்களிடம் 'ஜே' எழுத்து கிடையாது. 'ஐ' எழுத்தே 'இ' ஆகவும் 'ய்' ஆகவும் வேலை பார்த்தது. இந்தச் சொல்லில் அது இரட்டை 'ய்'. இப்படிப்பட்ட சொற்களில் ரோமப் பேச்சாளர் சிசரோ இரண்டு 'ஐ' போட்டு எழுத விரும்பினார் என்று பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் குறித்திருக்கிறார். தமிழில் எழுதும்போது நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை, 'மய்யோ' என்று எழுதினால் வேலை முடிந்தது.

திருச்சபை லத்தீனில் 'மாயோர்' என்பார்கள், அங்கே அதுதான் சரி. 'ஐ'யும் 'ஜே'யும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்தது மிகவும் பிந்திய காலத்தில். அந்த 'ஜே'யை ஆங்கிலேயர் தங்கள் வழக்கப்படி வாசித்ததால் 'மேஜர்' வந்தது. அகராதிகள் சிலவற்றில் முதல் உயிரின் மேல் நெடில் கோடு போட்டிருப்பதைப் பார்த்து 'மாய்யோர்' என்று இழுக்க வேண்டாம். அந்தக் கோடு அசையின் கனத்தைக் காட்டுவதற்கு. உயிர் குறில்தான்.

மாக்னுஸ் எங்கே, மய்யோர் எங்கே? சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கே?

வழக்கமான விதி எளிது. சொல்லின் அடியோடு '-இயோர்' சேர்க்க வேண்டும். 'அல்டுஸ்' (உயரமான) 'அல்டியோர்' ஆகும், 'லோங்குஸ்' (நீளமான) 'லோங்கியோர்' ஆகும். மய்யோரும் இதே விதிதான். 'மக்' என்ற அடியோடு 'யோர்' சேர்ந்தபோது நடுவில் இருந்த 'க்' கரைந்து 'ய்' இரட்டித்தது. வெளிக்குத்தான் முரண்டு பிடிப்பதுபோலத் தெரிகிறது.

நிஜமாகவே முரண்டு பிடிப்பவை வேறு. 'போனுஸ்' (நல்ல), 'மெலியோர்', 'ஓப்டிமுஸ்' என்ற மூன்றுக்கும் ஒலியில் எந்த உறவும் இல்லை. அவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

மய்யோர், மய்யுஸ்னு ரெண்டு மாதிரி வருது. ரெண்டும் ஒண்ணா?

பொருள் ஒன்று, பால் வேறு. லத்தீனில் அடைமொழி, தான் சார்ந்த பெயரின் பாலுக்கு ஏற்ப மாறும். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவாக 'மய்யோர்', அஃறிணைக்கு 'மய்யுஸ்' (மேஜுஸ் என்றும் வாசிப்பார்கள்). மினோருக்கு 'மினுஸ்'.

உடற்கூறியலிலேயே மூன்றையும் பார்க்கலாம். மார்புத் தசை 'பெக்டோராலிஸ் மேஜர்'. 'மஸ்குலுஸ்' என்ற சொல் ஆண்பால் என்பதால் மேஜர். மண்டையோட்டில் உள்ள ஸ்ஃபீனாய்டு எலும்பின் பெரிய இறக்கை 'ஆலா மேஜர்'. 'ஆலா' பெண்பால், ஆனாலும் வடிவம் அதேதான். மேற்கை எலும்பின் தலைக்குப் பக்கத்தில் உள்ள பெரிய புடைப்பு 'டுபெர்குலும் மேஜுஸ்', ஏனென்றால் டுபெர்குலும் அஃறிணை. தாவரப் பெயர்களிலும் இதே கதை. குளத்தில் மிதக்கும் குட்டிப் பாசிபோன்ற செடி 'லெம்னா மைனர்', தோட்டத்தில் பூக்கும் ஸ்னாப்டிராகன் 'ஆன்டிரைனம் மேஜுஸ்'.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'மேஜுஸ்' என்பதன் கடைசியில் 'உஸ்' இருக்கிறது. 'மஸ்குலுஸ்' என்பதிலும் 'உஸ்' இருக்கிறது. இரண்டும் பொருந்துகிறதே என்று 'மஸ்குலுஸ் மேஜுஸ்' என்று எழுதிவிடுவார்கள். ஓசை பொருந்துவதால் பால் பொருந்தாது. பெயர் 'உம்' என்று முடிந்தால் மேஜுஸ், 'உஸ்' என்றோ 'ஆ' என்றோ முடிந்தால் பெரும்பாலும் மேஜர். பரீட்சைக்கு முந்தின நாள் இந்த அளவு நினைவிருந்தால் போதும்.

அஃறிணையில் மட்டும் "ர்" போய் "ஸ்" எப்படி வந்தது?

தலைகீழாகப் பாருங்கள், 'ஸ்'தான் பழையது. இந்தச் சொற்கள் எல்லாமே ஒரு காலத்தில் 'ஸ்' என்றுதான் முடிந்தன. இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட 'ஸ்', லத்தீனில் 'ர்' ஆக மாறியது. அப்படி 'மய்யோசிஸ்' என்பது 'மய்யோரிஸ்' ஆனது. பிறகு எல்லா வேற்றுமையிலும் 'ர்' கேட்டுப் பழகிய நாக்கு, எழுவாய் வடிவத்தையும் 'மய்யோர்' என்று மாற்றிக்கொண்டது. அஃறிணை எழுவாய் மட்டும் அந்தப் பழக்கத்துக்கு வளைந்து கொடுக்காமல் 'ஸ்'ஸை வைத்துக்கொண்டது. 'மெலியோரெம்' என்பதற்குப் பழைய பாடல்களில் 'மெலியோசெம்' என்று இருந்ததை வார்ரோ என்ற ரோம அறிஞர் எடுத்துக் காட்டியிருக்கிறார், ஆக இது வெறும் ஊகம் இல்லை.

எங்க காலேஜ் சின்னத்தில் "ஆட் மய்யோரெம் தேயி குளோரியாம்"னு இருக்கு. குளோரியா பெண்பால்தானே, ஏன் "மய்யோராம்" இல்லை?

இயேசு சபையினரின் முத்திரை வாசகம் அது. சென்னை லயோலாவிலோ திருச்சி செயின்ட் ஜோசப்ஸிலோ படித்தவர்களுக்கு அதன் நான்கு எழுத்துச் சுருக்கம் பழக்கமாக இருக்கும். 'கடவுளின் மேலான மகிமைக்காக' என்பது பொருள். 'ஆட்' என்ற முன்னிடைச் சொல் இரண்டாம் வேற்றுமை கேட்கும். அதனால் குளோரியா 'குளோரியாம்' ஆகிறது, மய்யோர் 'மய்யோரெம்' ஆகிறது. அடைமொழி பாலிலும் எண்ணிலும் வேற்றுமையிலும் ஒத்துப்போனால் போதும், கடைசி ஓசை ஒத்துப்போக வேண்டியதில்லை. மய்யோர் மூன்றாம் வாய்பாட்டுச் சொல் (வாய்பாடு என்பது லத்தீன் சொற்கள் வேற்றுமை ஈறு ஏற்கும் முறை), அதில் பெண்பாலுக்குத் தனி ஈறு இல்லை. நடுவில் இருக்கும் 'தேயி' 'கடவுளின்' என்ற ஆறாம் வேற்றுமை.

மூன்றாம் வாய்பாடு தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஓம்னிஸ்' (எல்லா) மாதிரி அடைமொழிகளில் வரும் கூடுதல் 'இ' இங்கே வராது. 'மய்யோரே', 'மய்யோரா', 'மய்யோரும்' என்றுதான் போகும். 'மய்யோரி'யை நான்காம் வேற்றுமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ('மய்யோரும்' என்பதில் உள்ள 'உம்' பன்மை ஆறாம் வேற்றுமை உருபு. நம் உம்மை இல்லை.)

சரி, எதைவிட மேலான மகிமை? வாசகத்தில் சொல்லப்படவில்லை. முன்பு சொன்ன மூன்றாவது வகை இது. சபைக்காரர்கள் அதை 'இப்போது இருப்பதைவிட, இன்னும், இன்னும்' என்று திறந்தே விட்டு வாசிக்கிறார்கள். 'மாகிஸ்', அதாவது 'இன்னும் அதிகமாக' என்பது அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல்.

"சூரியன் பூமியைவிடப் பெரியது"ன்னு லத்தீனில் எப்படிச் சொல்வது? "விட"வுக்கு என்ன சொல்?

இரண்டு வழி. ஒன்று, 'க்வாம்' என்ற சொல்லைப் போடுவது: 'சோல் மய்யோர் எஸ்ட் க்வாம் டெர்ரா'. சோல் சூரியன், டெர்ரா பூமி, எஸ்ட் 'இருக்கிறது'. க்வாமுக்கு இருபுறமும் உள்ள பெயர்கள் ஒரே வேற்றுமையில் நிற்கும். இன்னொன்று, 'விட' என்பதற்கு எந்தச் சொல்லும் போடாமல் பூமியை அப்லேட்டிவ் வேற்றுமையில் வைப்பது: 'சோல் டெர்ரா மய்யோர் எஸ்ட்'. இங்கே டெர்ராவின் கடைசி உயிர் நெடில், முந்தைய வாக்கியத்தில் அது குறில். லத்தீன் எழுத்தில் அந்த வித்தியாசம் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

இந்த இரண்டாவது வழியைச் சொல்லும்போது ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் முழிப்பார்கள். தமிழ் இலக்கணம் படித்தவர்கள் முழிக்க வேண்டியதில்லை. நம் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்கள் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. அப்லேட்டிவும் அடிப்படையில் நீங்கலைக் காட்டும் வேற்றுமை, ஒப்புக்கும் அதுவே வருகிறது. 'காலத்தினாற் செய்த நன்றி' குறளின் இரண்டாம் அடி 'ஞாலத்தின் மாணப் பெரிது'. ஞாலத்தின் என்றால் ஞாலத்தைவிட. 'விட' இல்லை, 'காட்டிலும்' இல்லை, 'இன்' உருபு ஒன்றே போதுமாக இருக்கிறது. 'டெர்ரா மய்யோர்' என்பதும் அதே அமைப்புதான்.

அந்தக் குறளில் வரும் 'மாண' என்பதற்குக்கூட லத்தீனில் இடம் உண்டு. எவ்வளவு பெரியது என்று சொல்ல 'முல்டோ மய்யோர்' (மிகவும் பெரியது), 'பவுலோ மய்யோர்' (சற்றே பெரியது) என்பார்கள். முல்டோ, பவுலோ இரண்டும் அப்லேட்டிவ் வடிவங்கள்.

அப்படின்னா "மோர் மேஜர்", "மோர் சீனியர்"னு சொல்றது தப்பா?

லத்தீனில் தப்பு. மய்யோருக்குள்ளேயே 'விட' இருக்கிறது, அதன் மேல் இன்னொரு 'மாகிஸ்' ஏற்றக்கூடாது. ஆங்கிலத்தில் 'மேஜர்' வெறும் 'முக்கியமான' என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அங்கே என்ன செய்வது என்பது ஆங்கில ஆசிரியரின் கவலை.

கூடவே வரும் துணைக்கேள்வி: 'சீனியர்', 'சுப்பீரியர்' பின்னால் 'தேன்' போடாமல் 'டு' போடச் சொல்கிறார்களே, அது லத்தீன் விதியா? இல்லை. லத்தீனில் இவற்றுக்கும் க்வாம் அல்லது அப்லேட்டிவ்தான். 'டு' ஆங்கிலத்தின் சொந்த ஏற்பாடு.

பக்கத்தில் ஒப்பிட எதுவுமே இல்லாமல் மய்யோர் தனியா வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

மூன்று சாத்தியம். முதலாவது, சூழலில் இரண்டு பேரோ இரண்டு பொருளோ இருந்தால் 'இரண்டில் பெரியது'. இந்த இடத்தில் ஆங்கிலப் பேச்சில் உச்சப்படியைப் போடுவார்கள். லத்தீனில் இரண்டே இரண்டு என்றால் நடுப்படிதான், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் உச்சம். இரண்டு பிள்ளைகளில் மூத்தவன் 'மய்யோர் நாட்டூ', அதாவது பிறப்பால் பெரியவன். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூத்தவன் 'மாக்ஸிமுஸ் நாட்டூ'.

இரண்டாவது, 'வழக்கத்தைவிட', அதாவது 'ஓரளவு பெரிய'. மூன்றாவது, 'இருக்க வேண்டியதைவிட', அதாவது 'அளவுக்கு மீறிப் பெரிய'. இந்த இரண்டில் எது என்பதை வாக்கியத்தின் தொனிதான் சொல்லும். 'சீனியர்' பிறந்ததும் இப்படித்தான். 'செனெக்ஸ்' கிழவர், 'செனியோர்' சற்று வயதானவர். கிழவரைவிடக் கிழவர் என்று எடுத்துக்கொண்டால் வம்பு.

மூத்த பிளினி, இளைய பிளினி ரெண்டு பேரும் அப்பா பிள்ளையா?

மாமனும் மருமகனும். முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதியதால் நம் வரலாற்று நூல்களில் அடிக்கடி தலைகாட்டும் பிளினி, மூத்தவர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அந்தச் சாவைக் கடிதத்தில் விவரித்த இளையவர் அவருடைய சகோதரி மகன். பிறகு மாமனுக்குச் சுவீகார மகனும் ஆனார்.

மய்யோர், மினோர் என்ற அடைமொழிகள் உறவைச் சொல்லுவதில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் முந்தியவர் என்பதை மட்டும் சொல்லுகின்றன. ரோம அரசியல்வாதி காட்டோ மய்யோர் கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்தவர். காட்டோ மினோர் அவருடைய கொள்ளுப்பேரன், இறந்தது கி.மு. 46இல். அக்ரிப்பினா மய்யோரும் மினோரும் தாயும் மகளும். மகள்தான் நீரோவைப் பெற்றவள். அன்டோனியா மய்யோரும் மினோரும் அக்காள் தங்கை.

இதில் அன்டோனியாக்களின் கதை கவனிக்க வேண்டியது. ரோமப் பெண்களுக்குப் பெரும்பாலும் தனிப்பெயர் கிடையாது, தகப்பன் குலப்பெயரின் பெண்பால் வடிவமே பெயர். அன்டோனியுஸ் வீட்டில் எத்தனை பெண் பிறந்தாலும் அத்தனை பேரும் அன்டோனியா. வீட்டுக்குள் பிரித்துக் கூப்பிட வேண்டுமே, அதற்குத்தான் இரண்டு பெண் என்றால் மய்யோர், மினோர். மூன்றாவது ஒருத்தி வந்தால் 'டெர்டியா', மூன்றாமவள். அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. காட்டோ மய்யோரைப் பெற்றவர்கள் அவருக்கு 'மய்யோர்' என்று பெயர் வைக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கொள்ளுப்பேரன் பெயரெடுத்த பிறகுதான் அந்த அடைமொழிக்குத் தேவை வந்தது.

"மோஸ் மய்யோரும்"னா "பெரியவர்களின் வழக்கம்"தானே? ஏன் "முன்னோர் வழக்கம்"னு போடுறாங்க?

பன்மையில் 'மய்யோரேஸ்' தனியாக நின்றால் முன்னோர் என்றே பொருள். வயதில் பெரியவர்கள் என்பதிலிருந்து வந்தது. அதேபோல 'மினோரேஸ்' பின்வந்த தலைமுறை.

வேளாங்கண்ணி இவ்வளவு பெரிய கோயில், அதைப் போய் "மைனர் பசிலிக்கா"ன்னு ஏன் சொல்றாங்க?

வருடா வருடம் செப்டம்பர் திருவிழா முடிந்ததும் இந்தக் கேள்வி வரும், கொஞ்சம் கோபத்தோடு வரும். கோபப்பட ஒன்றுமில்லை. பசிலிக்கா என்பது திருச்சபை ஒரு கோயிலுக்குத் தரும் சிறப்புத் தகுதி. உலகத்தில் 'மய்யோர்' பசிலிக்கா நான்கே நான்கு, நான்கும் ரோமுக்குச் சொந்தம்: லாத்தரன் யோவான், பேதுரு, பவுல், மரியா. மற்ற எல்லா பசிலிக்காக்களும், எவ்வளவு உயரமானாலும் எவ்வளவு கூட்டம் வந்தாலும், மைனர்தான். 1956இல் அந்தத் தகுதி பெற்ற சாந்தோமும், 1962இல் பெற்ற வேளாங்கண்ணியும் அந்த வரிசையில். 'எதைவிட?' என்று கேட்டால் 'அந்த நான்கைவிடப் படியில் கீழே' என்பது பதில். கட்டடத்தின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான்கில் ஒன்றான மரியா பசிலிக்காவின் இத்தாலியப் பெயர் 'சாண்டா மரியா மஜ்ஜோரே'. 2025இல் போப் பிரான்சிஸை அடக்கம் செய்தது அங்கேதான். 'மஜ்ஜோரே' என்பது மய்யோரேதான், இத்தாலிய நாக்கில் உருண்டு வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் உள்ள 'பெரிய', ரோமில் உள்ள மற்ற மரியா ஆலயங்களோடு ஒப்பிட்டுச் சொன்னது. ஒரே கோயிலின் மேல் இரண்டு மய்யோர், இரண்டுக்கும் 'எதைவிட' வேறு வேறு.

தலசீமியா மைனர்னு ரிப்போர்ட்டில் வந்திருக்கு. மைனர்னா சின்ன வயசுக்காரங்களுக்கு வருவதா?

இல்லை, வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே மேஜர், மைனர் இரண்டும் நோயின் கடுமையைச் சொல்லுகின்றன. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயில், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை மேஜர். ஒருவரிடமிருந்து மட்டும் வந்து, அநேகமாக ஆரோக்கியமாகவே இருப்பவர் மைனர். கல்யாணம் பேசும்போது இருவருமே மைனராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மேஜர் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வைத்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியம்மையிலும் இதே ஜோடி இருந்தது. 'வேரியோலா மேஜர்' வந்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்தார்கள், 'வேரியோலா மைனர்' வந்தவர்களில் 1 சதவீதம் அளவுக்கு. இயற்கையாகத் தொற்றிய கடைசி மேஜர் 1975இல் வங்கதேசத்தில், கடைசி மைனர் 1977இல் சோமாலியாவில்.

கீபோர்ட் கிளாஸில் மேஜர் சந்தோஷம், மைனர் சோகம்னு சொல்லிக் கொடுத்தாங்க. லத்தீனில் அப்படியா?

லத்தீன் சொல்லுக்குச் சிரிக்கவும் தெரியாது, அழவும் தெரியாது. அங்கே பேசப்படுவது இடைவெளியின் அளவு. ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் நான்கு அரைச்சுரம் தள்ளி இருக்கிறது, அது மேஜர் மூன்றாமிடம். சாதாரண காந்தாரம் மூன்று அரைச்சுரம் தள்ளி, அது மைனர். பெரிய மூன்று, சின்ன மூன்று, அவ்வளவுதான். சங்கராபரணத்தின் சுரங்கள் மேஜர் ஸ்கேலுக்கும் நடபைரவியின் சுரங்கள் இயல்பான மைனர் ஸ்கேலுக்கும் பொருந்தும். நடபைரவி பாடினால் அழ வேண்டும் என்று நம்மூரில் யாரும் சொன்னதில்லை.

வானத்தில் லியோ மைனர் இருக்கு, லியோ மேஜர் எங்கே?

வெறும் 'லியோ', அதாவது சிம்மம், அதுதான். பழைய சிம்மம் காலங்காலமாக அங்கே இருந்தது, அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஹெவேலியுஸ் என்ற வானியலாளர் பக்கத்தில் குட்டிச் சிங்கம் ஒன்றைச் சேர்த்து மைனர் என்று பெயர் வைத்தார். மூத்தது தன் பழைய பெயரிலேயே இருந்துவிட்டது. காட்டோவுக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை. கரடிகளுக்கும் நாய்களுக்கும் மட்டும் ஜோடி முழுசாக உண்டு. நம் சப்தரிஷி மண்டலம் 'உர்சா மேஜர்' என்ற பெரிய கரடியின் ஒரு பகுதி. அதே ஹெவேலியுஸ் ஒரு குட்டி முக்கோணமும் வரைந்தார். ட்ரையாங்குலும் அஃறிணை என்பதால் அதற்குச் சரியாக 'மினுஸ்' போட்டார். இன்றைய 88 மண்டலப் பட்டியலில் அது இல்லை, இலக்கண உதாரணத்துக்காக நான் மட்டும் வைத்திருக்கிறேன்.

சட்டத்தில் மைனர்னா 18 வயசுக்குக் கீழே. அப்புறம் ஜிப்பா, மைனர் செயின் போட்டுக்கிட்டுத் திரியறவரையும் ஏன் மைனர்னு சொல்றோம்?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ரோமச் சட்டத்தில் முழுத்தொடர் 'மினோர் விகின்டி க்வின்க்வே அன்னிஸ்', அதாவது 'இருபத்தைந்து ஆண்டுகளைவிடக் குறைந்தவர்'. அன்னிஸ் அப்லேட்டிவ், மேலே பார்த்த 'ஞாலத்தின் பெரிது' அமைப்பேதான். அந்த வயதுக்குக் கீழே உள்ளவரை ஏமாற்றி ஒப்பந்தம் போட்டால் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. பிற்காலத்தில் தொடரின் வால் உதிர்ந்து மினோர் மட்டும் நின்றது. 'எதைவிட?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தன் கணக்கில் ஒரு வயதை வைத்துக்கொண்டது.

இந்தியாவில் 1875ஆம் ஆண்டின் வயதுவரம்புச் சட்டம் பொதுவாக 18 என்றது. ஆனால் நீதிமன்றம் காப்பாளரை நியமித்தவருக்கும், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (வயது வராத வாரிசுகளின் ஜமீன்களைப் பார்த்துக்கொண்ட அரசு அமைப்பு) நிர்வாகத்தில் சொத்து இருந்தவருக்கும் 21. அந்த வேறுபாடு 1999இல்தான் நீங்கியது. இப்போது நம் கதாநாயகரைப் பாருங்கள். அப்பா இறந்துவிட்டார், ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கையில், வாரிசுக்கு இருபது வயது, மீசை முளைத்தாயிற்று, கையில் செலவுப் பணம், கணக்குப் பார்க்க வேறு ஆள். காகிதத்தில் அவர் இன்னமும் மைனர். பட்டப்பெயர் அவரிடமிருந்து கிளம்பி உல்லாசமாகத் திரியும் பணக்கார இளைஞர்கள் எல்லாருக்கும் பரவியது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. அறுபது வயது மைனர்களைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே ரோமச் சட்டம் உதவாது.

மேயர், மேஜர், மாஸ்டர், மினிஸ்டர் எல்லாம் இதே சொல்தானா?

மேயரும் பட்டாளத்து மேஜரும் நேரடியாக மய்யோர்தான். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு அன்றே மேயர் இருந்தார். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பு பிரான்க் அரசர்களிடம் 'மய்யோர் தோமுஸ்', அதாவது வீட்டுப் பெரியவர் என்ற அரண்மனை அதிகாரி இருந்தார். அதிகாரம் மெல்ல அவர் கைக்கே போய், 751இல் அந்தப் பதவியில் இருந்த பெப்பின் தானே அரசராகிவிட்டார்.

மாஸ்டர் 'மகிஸ்டெர்' என்பதிலிருந்து, மினிஸ்டர் 'மினிஸ்டெர்' என்பதிலிருந்து வந்தவை. முதலாவதில் 'மாகிஸ்' (அதிகம்), இரண்டாவதில் 'மினுஸ்' (குறைவு). பதவிப்படி வாத்தியார் மேலே, மந்திரி கீழே. இந்த மகிஸ்டெர் போர்த்துகீசிய மொழியில் 'மெஸ்த்ரே' ஆகி, கப்பலேறி நம்மிடம் வந்து மேஸ்திரி ஆயிற்று. சாரத்தில் ஏறி நின்று சித்தாளை அதட்டுபவரும் மய்யோருக்குத் தாயாதிதான்.

கடைசியா ஒண்ணு. பெக்டோராலிஸ் "மேஜர்", குளூட்டியஸ் "மாக்ஸிமுஸ்", ஃபோராமென் "மாக்னும்". எல்லாமே பெரிசுதானே, ஏன் மூணு மாதிரி?

இரண்டு, மூன்று என்ற பழைய கணக்கை எடுங்கள். பெக்டோராலிஸ் தசை இரண்டு, அதனால் நடுப்படி: மேஜர், மைனர். குளூட்டியஸ் மூன்று, அதனால் உச்சப்படி: மாக்ஸிமுஸ், இடையில் மேடியுஸ், கடைசியில் மினிமுஸ். மண்டையோட்டின் அடியில் உள்ள பெருந்துளை ஒன்றே ஒன்று, பக்கத்தில் ஒப்பிட ஜோடி இல்லை, அதனால் வெறும் மாக்னும்.

இதை இரும்பு விதியாக எடுத்துக்கொண்டு போனால் காலில் இடறும். காலின் பெரிய சபேனா சிரையும் சின்னதும் இரண்டே இரண்டுதான், ஆனால் அவற்றின் பெயர் 'மாக்னா', 'பார்வா'. பெயர் வைத்தவர்கள் அங்கே ஒப்பிடாமல் பெரியது, சின்னது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்டவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தத் தாளில் சோவாஸையும் சேர்த்துவிடுங்கள். முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் பெரிய தசை 'சோவாஸ் மேஜர்', அதன் முன்பக்கம் ஒட்டிப் போகும் மெல்லியது 'சோவாஸ் மைனர்'. இந்த மைனர் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே கிடையாது. டிசெக்‌ஷன் மேஜையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 'மைனர் இல்லையே, அப்ப இதை வெறும் சோவாஸ்னு எழுதலாமா?' என்று கேட்பார்கள். கூடாது. மேஜர் என்றுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மார்க் போய்விடும்.